ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் பின்சக்கரம்: உறுமல், ஆட்டம், சூடு, கசிவு

எங்கள் குமரி மாவட்டத்தில் ஜூன் மாதம் மழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும், பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். ஐப்பசியில் இன்னொரு சுற்று. “அண்ணா, பின்னால் ஓர் உறுமல் கேட்கிறது. பேரிங் போய்விட்டது என்கிறார்கள். கழற்றச் சொல்லட்டுமா?” எல்லா அழைப்பும் ஏறக்குறைய இதே பேச்சுதான். சோதித்துப் பார்க்கும்வரை சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் யாரும் கை வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதிலும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கானது. 1961 முதல் சென்னையில் கட்டப்பட்ட வண்டி. இதன் மூலவண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பின்சக்கர அமைப்பில் இரண்டும் ஒரே குடும்பம். அதனால் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் கீழே உள்ளவை பொருந்தும். ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலுக்குப் பொருந்தாது. அதன் பின் ஆக்சிலே வேறு. அம்பாசிடருக்கும் பொருந்தாது. ஏன் என்று கசிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தெரியும்.

எதற்காக இத்தனை எச்சரிக்கை? இந்த வண்டியின் பின் ஹப், சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டின் கூம்பு வடிவ முனையில், அதாவது டேப்பரில், ஒரு கீயோடு (வழுக்காமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) இறுகப் பொருந்தி இருக்கிறது. ஐம்பது ஆண்டுத் துருவும் சேர்ந்தால் அது எளிதில் வராது. எங்கள் வண்டியையே ஒருமுறை ஒரு பட்டறையில் விட்டுவிட்டு வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷாஃப்ட் முனை சம்மட்டி அடியில் காளான் போல விரிந்திருந்தது. மரை முழுவதும் போய்விட்டது. அந்த ஷாஃப்டை மாற்ற எட்டு மாதம் வண்டி நின்றது. சத்தத்துக்குக் காரணம் என்னவென்றால், உள்விளிம்பு தேய்ந்த ஒரு டயர். பேரிங் புதியது போல இருந்தது. அதனால்தான் கீழே எல்லா அறிகுறியிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, ஹப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

சோதனைக்கு முன்

கை பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அதை விடுவித்தாக வேண்டும். எனவே முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். வண்டியைத் தூக்கிய பின் சேஸிஸின் நடுச்சட்டத்தின் கீழ் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். பக்கவாட்டில் நீளும் கிளைச் சட்டங்களில் வைக்கக் கூடாது. நம் கடற்காற்றில் முதலில் உளுத்துப்போவது அவைதான். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தூக்கியதும் பின்சக்கரங்கள் உள்பக்கமாக மடிந்து தொங்கும். அப்படியே சுற்றிப் பார்த்தால், ஷாஃப்டின் மடங்கும் மூட்டான யூ-ஜாயின்ட் நன்றாக இருந்தாலும் கடகடக்கும். இரண்டாவது ஜாக் ஒன்றை லீஃப் ஸ்பிரிங்கின் முனைக்குக் கீழே கொடுத்து, ஷாஃப்ட் ஏறக்குறையக் கிடைமட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். அதன் பிறகு காதில் விழுவதுதான் கணக்கு.

அறிகுறி 1: வேகம் கூடக் கூட உறுமல்

இதைத்தான் அதிகம் கேட்கிறேன். எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதும் முக்கியம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் காற்றின் இரைச்சலில் எதுவும் பிடிபடாது. நான் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலைக்குக் கொண்டுபோவேன். இரு பக்கமும் ரப்பர் தோட்டம், நல்ல அமைதி, இடமும் வலமுமாக வளைவுகள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான மதில் இருக்கும் இடத்தில் அதை ஒட்டி மெதுவாக ஓட்டினால் அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். பழைய தாரிலிருந்து புதிய தாருக்கு ஏறியதும் உறுமல் பாதியானால் பேரிங்கை மறந்துவிடலாம். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் இருந்தால் அதுதான் கத்துகிறது. காரணம் பெரும்பாலும் தளர்ந்து தொய்ந்த லீஃப் ஸ்பிரிங். பின்புறம் தாழ்ந்து சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடுகிறது. முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். உறுமல் முன்னுக்கு நகர்ந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. பஞ்சர் கடையில் அரைமணி நேர வேலை.

டயர் இல்லை என்றால் அடுத்தது ஆக்சிலரேட்டர். ஓடும்போது காலை எடுங்கள், மறுபடி மிதியுங்கள். மிதிக்கும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலும் கேட்டால், எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல். முதலில் அதன் எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் 90 எண் கியர் ஆயிலை நிரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். காலை எடுத்தாலும், நியூட்ரலில் உருண்டாலும் ஒரே குரலில் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் இப்போதுதான் பேரிங் மேல் சந்தேகம் வர வேண்டும்.

எந்தப் பக்கம்? வளைவுகள் சொல்லும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் ஏறுகிறது. அப்போது உறுமல் உயர்ந்தால் வலப்பக்கம். வலம் திரும்பும்போது உயர்ந்தால் இடப்பக்கம். இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் சோதனை இல்லை. வீட்டுக்கு வந்ததும் தூக்கிக் கையால் உறுதி செய்யுங்கள்.

ஒருவர் சக்கரத்தை நிதானமாகச் சுற்றட்டும். டிஃப்ரன்ஷியலும் சேர்ந்து சுற்றும் என்பதால் காதுக்கு எல்லாம் கலந்தே கேட்கும். நீங்கள் பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேரிங் ஹவுசிங்கின், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூட்டின், மேல் விரல் நுனிகளை வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலில் ஒன்றும் தெரியாது. கெட்டது, அரிசி மாவில் கல் கிடப்பது போல நுண்ணிய நடுக்கமாக ஏறும். ஆசான், மார்த்தாண்டத்தில் எனக்குத் தொழில் காட்டியவர், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கில் ஊன்றிக் கைப்பிடியைக் காது மடலுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்பார். இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதம்.

நடுக்கம் லேசாக இருந்து, ஆட்டமும் இல்லை என்றால் முதலில் கிரீஸ் கொடுத்துப் பாருங்கள். முறையைக் கீழே நான்காவது அறிகுறியில் சொல்லியிருக்கிறேன். 100 கிலோமீட்டருக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அல்லது நடுக்கம் முதலிலேயே வலுவாக இருந்தால், பட்டறைக்கு.

எஞ்சினை இயக்கிக் கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டுக் கேட்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்கினால் பிடிக்க ஆள் கிடையாது.

அறிகுறி 2: கிளட்சை விடும்போது ‘டக்’, ரிவர்ஸில் இன்னொரு ‘டக்’

சக்கர நட்டுகள். சிரிக்காதீர்கள், மூன்று வண்டிகளில் இதுதான் காரணமாக இருந்தது. நான்கையும் இறுக்கிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் பாருங்கள்.

அடுத்தது ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு. அதைச் சுற்றிலும் வெற்றிலைக்கறை நிறத்தில் உலர்ந்த தூள் படிந்திருக்கிறதா? டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். அந்தச் சிவப்புத் தூள், ஹப் டேப்பரின் மேல் அசைந்து அசைந்து இரும்பை அரைக்கிறது என்பதற்கு அடையாளம். இந்த நிலையில் நட்டை இறுக்கினால் சத்தம் இரண்டு நாள் நிற்கும். ஆனால் கீயும் கீ உட்காரும் பள்ளமும் அதற்குள் நசுங்கியிருக்கும். இறுக்கி ஓட்டுவது பிழை நீக்குவது ஆகாது. இந்த ஒன்றுக்கு மட்டும், தள்ளிப்போடாமல் ஹப்பைக் கழற்றியே பார்க்க வேண்டும்.

தூள் இல்லை என்றால் யூ-ஜாயின்ட். சக்கரங்கள் தரையில் இருக்க, வண்டியைக் கியரில் போட்டு, ஒருவர் முன்னும் பின்னுமாக அசைக்கட்டும். நீங்கள் கீழே இருந்து ஷாஃப்டின் உள்முனையில் உள்ள கிராஸின், அதாவது யூ-ஜாயின்ட்டின் நடுவே இருக்கும் சிலுவைத் துண்டின், இரு பக்கமும் அதைப் பிடிக்கும் இரண்டு நுகங்களிலும் சேர்த்துக் கை வையுங்கள். ஒரு நுகம் நகர்ந்த பிறகு மற்றது நகர்ந்தால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. அதன் மூடிகளைச் சுற்றியும் சிவப்புத் தூள் இருக்கலாம். மெதுவாக ரிவர்ஸில் போகும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்பக் கேட்பதும் இதுவே. ஷாஃப்டை டிஃப்ரன்ஷியலோடு இணைக்கும் நான்கு போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே ‘டக்’ வரும். கிராஸை மாற்றச் சொல்லுமுன் அவற்றில் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையானால் டிஃப்ரன்ஷியல் உள்வேலை. அது என் கைக்கு மீறியது, வீட்டு வாசலில் செய்யும் யாருக்கும் மீறியது.

அறிகுறி 3: சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது

மேலே ஒரு கை, கீழே ஒரு கை. தள்ளி இழுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே “பேரிங்” என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த வண்டியில் ஆட்டத்துக்கு இரண்டு இடம் உண்டு. எது என்று கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

ஒருவர் சக்கரத்தை ஆட்டட்டும், நீங்கள் பின்னால் படுத்துப் பாருங்கள். பிரேக்கின் பின்தகடு பேரிங் ஹவுசிங்கோடு போல்ட்டால் பிடிக்கப்பட்டது. தகடு அசையாமல் நிற்க, டிரம் மட்டும் அசைகிறதா? டிரம் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்கு விரிந்து சுருங்கும். அப்படியானால் கோளாறு பேரிங்கில், அல்லது ஹப் டேப்பரில். தகடும் ஹவுசிங்கும் சேர்ந்தே அசைந்து, ஸ்பிரிங்கிலிருந்து இறங்கும் செங்குத்துத் தாங்கி மட்டும் அசையாமல் நிற்கிறதா? கோளாறு தாங்கியின் அடியில் உள்ள நைலான் வளையமான புஷ்ஷில். பேரிங்குக்கு ஒன்றும் இல்லை.

நைலான் புஷ் மலிவானது. ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் உதிரிபாகம் விற்பவர்கள் இன்னும் விற்கிறார்கள். மாற்ற ஹப்பைத் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் அதன் வழியே போகும் நீளமான போல்ட் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். முட்டம், குளச்சல் பக்கத்து வண்டி என்றால் நிச்சயம் அப்படித்தான். இரண்டு நாள் துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். வராவிட்டால் ஹாக்ஸா பிளேடால் இரு பக்கமும் அறுத்து எடுப்பதே வழி. அடித்தால் ஹவுசிங்கின் காது உடையும். புதிய போல்டைப் போடும்போது செம்பு கலந்த கிரீஸைப் பூசினால் அடுத்த முறை உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள்.

டிரம் மட்டும்தான் அசைகிறது என்றால், ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஹவுசிங்கின் வெளிப்பக்கம் பால் பேரிங், உள்பக்கம் ஊசி பேரிங். ஊசிகள் ஷாஃப்டின் மேலேயே நேராக ஓடுகின்றன. அவை வறண்டால் ஷாஃப்டையே அரைத்துப் பள்ளமாக்கிவிடும். இந்த அமைப்பில் ஷாஃப்ட் வெளிமுனையில் முறிந்தால் சக்கரத்தைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. டிரம்மோடு கழன்று போகும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள். லாரி மேல் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 4: மழைக்குப் பின், அல்லது தண்ணீரில் இறங்கிய பின் கரகரப்பு

2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீர் நின்றது. அந்த டிசம்பரில் நான் திறந்து பார்த்த ஹவுசிங்குகளில் கிரீஸ் இல்லை, மோர் இருந்தது. ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தடுப்பு வளையமான சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குளக்கரைச் சாலையில் தண்ணீர் ஏறிக் கிடந்தால் கொஞ்சம் நிறுத்தி, ஆறவிட்டு இறங்குங்கள்.

கரகரப்புக்கு எளிய காரணம் பிரேக் டிரம்முக்குள் மேலோட்டமான துரு. நான்கைந்து முறை பிரேக்கை மிதித்ததும் போய்விட்டால் அவ்வளவுதான். சிறு கல் ஒன்று தகட்டுக்கும் டிரம்முக்கும் இடையே சிக்கியிருப்பதும் உண்டு. இரண்டும் இல்லை என்றால் கிரீஸ் கொடுக்கும் நேரம்.

ஹவுசிங்கின் உடலில் ஒரு சிறிய பிளக் இருக்கிறது. ஐம்பது ஆண்டு மண்ணுக்கு அடியில் இருப்பதால் பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கம்பி பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே மண்ணை உள்ளே போட்டது போலாகும். பிளக்கைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே மரைக்கு, கிரீஸ் கன்னை மாட்டும் நிப்பிள் வாங்குங்கள். இந்த வண்டியில் மரை அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் நிப்பிள் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், ஹவுசிங் மரையை அறுத்துவிடும்.

கிரீஸ் என்றால் லித்தியம் வகை, 2ஆம் எண், சக்கர பேரிங்குக்கு என்று டப்பாவில் எழுதியிருப்பது. களிமண் கலந்த பென்டோன் வகையை அதனோடு சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் இளகி வடிந்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீரைத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் நல்லதுதான். ஆனால் ஹவுசிங்கை முழுவதும் பிரித்துக் கழுவும் நாளில் மாற்றுங்கள், பழையதன் மேல் அடிக்காதீர்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்சக்கரங்களைத் தாங்கும் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் கூடாது, அங்கே 90 எண் கியர் ஆயில். பின்னுக்குக் கிரீஸ், முன் ட்ரன்னியனுக்கு ஆயில். மாற்றிச் செய்து முன்தாங்கி முறிந்த வண்டிகள் உண்டு.

கையால் அழுத்தும் கிரீஸ் கன் மட்டும். சர்வீஸ் நிலையத்துக் காற்றழுத்தக் கன் சீலையே வெளியே தள்ளிவிடும். டிரம்மைக் கழற்றிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பக்கம் கிரீஸ் எட்டிப் பார்த்தால் அப்போதே தெரியும். இரண்டு அழுத்து கொடுத்து ஹப்பை இரண்டு முறை முழுதாகச் சுற்றுங்கள். இன்னும் இரண்டு. உள்பக்க சீலின் விளிம்பில் மெல்லிய வளையமாகக் கிரீஸ் தெரிந்ததும் நிறுத்துங்கள். வழக்கமான பராமரிப்புக்கு நான் நான்கைந்து அழுத்துக்கு மேல் போவதில்லை. தண்ணீர் புகுந்த ஹவுசிங் என்றால் நிறம் தெளியும்வரை கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் அது முதலுதவிதான், இந்த ஓட்டை வழியாக முழுவதையும் கழுவிவிட முடியாது.

வெளியே வந்த கிரீஸைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். ஒரு மிளகு அளவு எடுத்து வெயிலில் நின்று கட்டைவிரலால் நடுவிரலில் தேயுங்கள். வெண்மையாகப் பால் போல இருந்தால் தண்ணீர். செம்பழுப்பு என்றால் துரு தொடங்கிவிட்டது. மீன் செதிள் போல மினுமினுத்தால் பேரிங் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. விரலில் நறநறவென்று கருமையாக உறுத்தினால் மணல்.

மணவாளக்குறிச்சி, குளச்சல் கடற்கரைப் பக்கம் போய்வரும் வண்டிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. உலோகத்துகளா என்று பார்க்கக் காந்தம் வைப்பார்கள், ஒட்டும், பேரிங் போய்விட்டது என்பார்கள். அங்குள்ள கருமணலில் இல்மனைட் என்ற, இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது. வலுவான காந்தத்தில் அதுவும் ஒட்டும். கொஞ்சம் மண்ணெண்ணெயில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மணல் உருண்ட கருங்குருணையாக அடியில் தங்கும். பேரிங் துகள் தட்டையாக, வெளிச்சத்தில் திரும்பித் திரும்பிப் பளிச்சிடும். மணல் என்றால் நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். சீல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டில் எதுவானாலும் ஹவுசிங்கைப் பிரித்தாக வேண்டும். மணல் என்றால் ஒருவேளை பேரிங்கைக் காப்பாற்றலாம்.

வேலை முடிந்ததும் நிப்பிளைக் கழற்றிப் பழைய பிளக்கைப் போடுங்கள். நிப்பிளை விட்டுவைத்தால் எங்காவது சர்வீஸுக்கு விடும்போது, கண்ணில் பட்டது என்று யாராவது இருபது அழுத்து கொடுத்துவிடுவார்கள். அதன் விளைவு ஆறாவது அறிகுறியில்.

நான் மே மாதக் கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒருமுறை செய்கிறேன். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடினாலும் இதில் மாற்றம் இல்லை. நம் ஊரில் இந்த பேரிங்குகள் ஓட்டத்தால் கெடுவதைவிட நின்றே கெடுவது அதிகம்.

அறிகுறி 5: ஓடி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் சூடு

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையை டிரம் விளிம்பிலும் ஹப்பின் நடுவிலும் மாறி மாறி அருகே கொண்டுபோங்கள். தொட்டுவிடாதீர்கள். விளிம்பு அதிகச் சூடு என்றால் பிரேக். நடு அதிகச் சூடு என்றால் பேரிங்.

பிரேக் என்றால் பெரும்பாலும் கை பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது. லீவரை இறக்கியபின் சக்கரப் பக்கத்துக் கம்பியைக் கையால் இழுத்துவிட்டால் சக்கரம் விடுபடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் அட்ஜஸ்டர் அதிகம் இறுகியிருக்கும், அல்லது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் சிக்கியிருக்கும்.

நடு சூடாக இருந்தால், கடைசியாக எப்போது கிரீஸ் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். போன வாரம் தாராளமாகக் கொடுத்திருந்தால் அதிகக் கிரீஸ்தான் கடையப்பட்டுச் சூடாகிறது. பிளக்கைத் திறந்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கொஞ்சம் வெளியேறும். ஐந்து ஆண்டாகக் கொடுக்கவே இல்லை என்றால், இப்போது கொடுத்துவிட்டு மறுபடி 10 கிலோமீட்டர் சோதியுங்கள். மறுபடியும் சூடு என்றால் பட்டறை.

அறிகுறி 6: சக்கரத்தின் உள்பக்கம் ஈரம், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பு

அம்பாசிடரில் பழகிய கை, இதைப் பார்த்ததும் “ஆக்சில் ஆயில் கசிகிறது” என்று சொல்லும். அந்த வண்டியில் டிஃப்ரன்ஷியல் எண்ணெய் ஆக்சில் குழாய் வழியாகச் சக்கரம்வரை வரும். ஹெரால்டில் வர வழியே இல்லை. டிஃப்ரன்ஷியலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே திறந்த வெளியில் ஷாஃப்ட் சுற்றுகிறது. எனவே இங்கே ஈரம் என்றால் இரண்டே சாத்தியம்: பிரேக் திரவம், அல்லது ஹப் கிரீஸ்.

விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். வழுக்கிக் கரைந்து போனால் பிரேக் திரவம், அதாவது வீல் சிலிண்டர். இதைத் தள்ளிப்போட முடியாது. தண்ணீரில் போகாமல் பிசுபிசுத்தால் கிரீஸ். யாரோ அதிகம் அடித்திருக்கிறார்கள், அல்லது வெளிப்பக்க சீல் போய்விட்டது. துடைத்துவிட்டு, கிரீஸ் கொடுக்காமல் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வராவிட்டால் அதிகக் கிரீஸ்தான். வந்தால் சீல். அந்த சீலை மாற்ற ஹப் வந்தாக வேண்டும்.

ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ திருப்பிப் போடுவதை அனுமதிக்காதீர்கள். ஓர் ஏற்றம் ஏறி இறங்கினால் மறுபடி கசியும். இரு பக்கமும் சேர்த்துப் புதிது போடுங்கள்.

பட்டறைக்குக் கொடுக்கும்போது

ஹப் கழற்றுவது, ஷாஃப்ட், ஊசி பேரிங், டேப்பர் எல்லாவற்றுக்கும் நான் பட்டறையைத்தான் நம்புகிறேன். ஆனால் கொடுக்கும் முன், ஹப்பை இழுத்து எடுக்கும் கருவியான புல்லரைக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். நான்கு சக்கர போல்ட்டுகளையும் பிடித்து இழுக்கும் கனமான புல்லர் வேண்டும். விளிம்பில் கொக்கி மாட்டும் மூன்று கால் புல்லர் ஹப்பின் விளிம்பை வளைத்துவிடும். நட்டை முழுவதும் கழற்றாமல் ஷாஃப்ட் முனைக்குச் சமமாக விட்டு, புல்லரை இறுக்கி ஓர் இரவு அப்படியே விடச் சொல்லுங்கள். ஆசான் மாலையில் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் வந்து பார்த்தால் பெரும்பாலும் அதுவாகவே விட்டிருக்கும்.

பிரித்ததும் ஊசி ஓடிய இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் எங்காவது தட்டினால் ஊசி பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்ட் வேண்டும். லேத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறோம் என்பார்கள். மிகக் குறைந்த செலவாகத்தான் இருக்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் இரும்பின் பதம் போய், முறிவு அங்கேதான் தொடங்கும். பால் பேரிங்கைப் பொறுத்தவரை வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். கார் பெயரைச் சொன்னால்தான் கடைக்காரர் கையை விரிப்பார்.

திரும்பப் பூட்டும்போது டேப்பர் இரண்டும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும், அங்கே கிரீஸ் படக் கூடாது. புது கீ, புது நட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர். வண்டி கைக்கு வந்ததும் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை அதே அளவில் இன்னொரு முறை சோதியுங்கள். ஒரு வாரம் கழித்து டார்ச்சோடு குனிந்து, சிவப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.